அறுந்த மேகலையில் பிறந்தவர்கள்

விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் கருமாதி இரவுக்குக் கூத்து வைக்கிறார்கள் என்றால் அது அநேகமாக ‘கர்ண மோட்சம்’தான். இறந்தவர் பேரன் பேத்தி எடுத்த பெரியவராக இருப்பார். உறவுக்காரர்களும் சம்பந்தி வீட்டாரும் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, விடிய விடிய ஆட்டம் நடக்கும். அந்தப் பெரியவரை வழியனுப்ப ராமன் கதையை யாரும் கேட்பதில்லை, தருமன் கதையையும் கேட்பதில்லை. முண்டியம்பாக்கத்தை அடுத்த பனையபுரத்தில் பாடல்பெற்ற சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையை அந்தத் தலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். சிபி ஒரு குறையும் இல்லாதவன். ஆனாலும் சாவு வீட்டுக்கு அழைக்கப்படுகிறவன் கர்ணன். தப்பான பக்கம் என்று தெரிந்தே நின்று, அங்கேயே செத்தவன்.

எனக்கு இது சிறு வயதிலேயே புரியாத விஷயம். எங்கள் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன். “கர்ணன் கெட்டவங்க கூடத்தானே ஆயா சேர்ந்தான்?” ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “அது யாருக்குடா தெரியாது? சோறு போட்டவன் வுழும்போது வுட்டுட்டு ஓடியாரச் சொல்றியா?” அதற்கு மேல் அவர் பேசவில்லை. கூத்துப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

இன்றைக்குச் சினிமாவிலும் தொடரிலும் நாவலிலும் இப்படிப்பட்டவர்கள்தான் கொண்டாடப்படுகிறார்கள். அதிகம் பேசாதவர்கள், உள்ளுக்குள் எதையோ சுமந்துகொண்டு திரிபவர்கள், கையில் ரத்தக் கறையோடும் கண்ணில் ஈரத்தோடும் நிற்பவர்கள். இவர்கள் மேற்கிலிருந்து வந்தவர்கள், பைரனின் காவிய நாயகர்களும் மில்டனின் சாத்தானும் இவர்களுக்கு மூதாதையர் என்று எழுதுகிறார்கள். மேற்கைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். நம் ஊர் ஆட்களுக்கு வேறு பிறப்பு இருக்கிறது. அந்தப் பிறப்புக்குத் தாய்மண் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், முண்டியம்பாக்கத்து ரயில் நிலையத்தில் இறங்கி நான்கு திசையிலும் கண்ணுக்குத் தெரிகிற இந்தக் கரும்புக் காட்டையும் சவுக்குத் தோப்பையும் செம்மண்ணையும்தான் நான் காட்டுவேன்.

பழைய பெயரில் இது திருமுனைப்பாடி நாடு. அப்பரும் சுந்தரரும் பிறந்த நாடு. வில்லிபுத்தூராரும் இந்த நாட்டுக்காரர்தான். சனியூரில் பிறந்து, வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான் ஆதரவில் பாரதத்தைத் தமிழில் பாடினார். காலம் பதினான்காம் நூற்றாண்டின் கடைசி, அல்லது அதை ஒட்டிய காலம் என்பார்கள். அவருக்கு முன்பும் தமிழில் பாரதம் உண்டு. மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், பெருந்தேவனார் பாரத வெண்பா பாடியிருக்கிறார். ஆனால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது வில்லியின் பாரதம். பத்துப் பருவம், ஏறக்குறைய 4,300 விருத்தம். சந்தம் துள்ளுகிற அந்த விருத்தங்கள் வாய்விட்டுப் பாடுவதற்கென்றே செய்தவை. போர் முடிந்து துரியோதனன் சாய்ந்ததோடு அவர் தம் பாரதத்தை நிறுத்திக்கொண்டார். தருமன் பட்டாபிஷேகத்துக்குப் பிந்தைய நீண்ட உபதேசங்களுக்கும் கடைசிப் பயணத்துக்கும் அவர் போகவில்லை.

வில்லியைப் பற்றி வழிவழியாக வரும் கதை ஒன்று உண்டு. வாதுக்கு அழைத்துத் தோற்ற புலவர்களின் காதை அறுத்துவிடுவாராம். திருவண்ணாமலையில் அருணகிரிநாதரோடு வாதுக்கு உட்கார்ந்து, அவர் பாடிய தகர எழுத்துப் பாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாமல் தோற்றாராம். அருணகிரியாரோ வில்லியின் காதை அறுக்காமல் விட்டுவிட்டாராம். நடந்ததோ இல்லையோ, இந்தக் கதையை ஊர் விடாமல் சொல்லிவந்திருக்கிறது. கர்வமும் கொடுமையும் மேதைமையும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று நம்பிய ஊர், அந்த ஆள் பாடிய பாரதத்தில் யாரைத் தேடிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அந்தப் பாரதத்தில், கிருட்டிணன் தூதுச் சருக்கத்தில் வருகிறது நான் சொல்ல வந்த இடம். போர் முடிவாகிவிட்டது. கண்ணன் சொல்லி அனுப்பிக் குந்தி கர்ணனிடம் வருகிறாள். நீ என் மூத்த மகன், தம்பிகளிடம் வந்துவிடு, அரசு உனக்குத்தான் என்கிறாள். வாழ்நாள் முழுதும் யார் பெற்ற பிள்ளை என்று தெரியாமல் அவமானப்பட்டவனுக்கு அம்மா கிடைத்திருக்கிறாள், கூடவே நாடும் கிடைக்கிறது. அவன் போகவில்லை. ஏன் போக முடியாது என்று அவன் சொல்லும் பதிலில், ஒரே ஒரு பாடலில், ஒரு சம்பவம் வந்து போகிறது. தனியிடத்தில் துரியோதனன் மனைவியின் மேகலை அறுந்து மணிகள் சிதறிக் கிடந்தன. கர்ணன் அங்கே இருந்தான். உள்ளே வந்த துரியோதனன் சந்தேகப்படவில்லை. மணிகளைப் பொறுக்கித் தரவா, கோத்துத் தரவா என்று மட்டும் கேட்டான். அப்படிப்பட்டவனுக்காகப் போர்க்களம் போய்ச் செஞ்சோற்றுக்கடன் கழிப்பதுதான் இனி எனக்குப் புகழும் தருமமும் என்று கர்ணன் முடித்துவிடுகிறான்.

வியாச பாரதத்தில் இந்தச் சம்பவம் இல்லை. அங்கேயும் கர்ணன் குந்தியை மறுக்கிறான். வளர்த்த பெற்றோருக்கும் வாழ்வு கொடுத்த நண்பனுக்கும் தான் பட்ட கடனைச் சொல்கிறான். ஆனால் அறுந்த மேகலை இல்லை, குனிந்து மணி பொறுக்க நிற்கிற துரியோதனன் இல்லை. தமிழில் அந்த ஒரு பாடல் செய்த வேலை மிகப் பெரியது. அதற்கு முன் துரியோதனன் பொறாமைக்காரன், வஞ்சகன். அந்த நொடியில் அவன் நூறு ஆண்களில் ஒருவனுக்குக்கூட வாய்க்காத மனப்பெருமை உள்ளவன் ஆகிவிடுகிறான். கர்ணனோ அந்த நொடியிலிருந்து தப்பிக்க முடியாதவன் ஆகிவிடுகிறான். ஒருவனுடைய நல்ல குணம் இன்னொருவனைக் கெட்ட பக்கத்தில் கட்டிப்போடுகிறது. நம் கதைகளில் நல்லவன் கெட்டவன் என்று பிரிக்க முடியாத ஆண்கள் பிறந்த இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒருவர் அல்ல, இருவர். ஒரே வடத்திலிருந்து சிதறியவர்கள்.

பாடல் சுருக்கமானது. அதற்குள் இல்லாததை எல்லாம் ஊர் சேர்த்துக்கொண்டது. சொக்கட்டான் ஆட்டம் வந்தது. அவளுக்குப் பானுமதி என்று பெயர் வந்தது. கணவன் வருவதைப் பார்த்து அவள் எழுந்தாள், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த கர்ணன் தோற்றுவிட்டு ஓடுகிறாள் என்று நினைத்து எட்டிப் பிடித்தான், கையோடு வடம் அறுந்தது என்று நிமிஷம் நிமிஷமாகக் கதை விரிந்தது. திரௌபதி அம்மன் கோயில்களில் பகல் நேரத்தில் நடக்கும் பாரதப் பிரசங்கம்தான் இப்படி விரிப்பதற்கு ஏற்ற இடம். பிரசங்கியார் வில்லியின் விருத்தத்தை ராகம் போட்டுப் பாடி, பொருள் சொல்லி, நடுநடுவே ஊர் நியாயம் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலிக்கும் வில்லியின் சொல் காதில் விழுந்தது அப்படித்தான்.

திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கே இந்த வட்டாரம்தான் நடுவீடு. ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் பல ஆண்டு இங்கே சுற்றி, 1988-இல் இதைப் பற்றிப் பெரிய புத்தகம் கொண்டுவந்தார். செஞ்சிப் பகுதியை இந்த வழிபாட்டின் மூலமண்ணாக அவர் பார்த்தார். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி கோயிலைத்தான் ஆதி கோயில் என்று பக்தர்களும் சொல்கிறார்கள். பங்குனி தொடங்கி ஆடி வரை ஏதாவது ஓர் ஊரில் கொடியேறியிருக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில் வளைப்பு, ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாக நடக்கும். பகலில் சொல்லாகக் கேட்ட கர்ணனை ராத்திரியில் உடம்பாகப் பார்க்கலாம்.

கூத்து அவனுக்கு என்ன உடம்பு கொடுத்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கூத்தில் பெரிய வேஷங்களுக்குக் கட்டை கட்டுவார்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் மினுக்குத் தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம். அதைக் கட்டியதும் ஆள் ஒன்றரை மடங்கு பெரியவனாகிவிடுவான். இந்தக் கட்டை அர்ச்சுனனுக்கு உண்டு, பீமனுக்கு உண்டு. கர்ணனுக்கும் துரியோதனனுக்கும் அதே அளவு உண்டு. கேலி பேசும் கட்டியங்காரனுக்குக் கிடையாது. நல்லவன் கெட்டவன் என்று பார்த்துக் கட்டை கட்டுவதில்லை. எவனுக்குள் பெரிய கொந்தளிப்பு இருக்கிறதோ அவனுக்குக் கட்டை. துரியோதனன் முகத்தில் சிவப்பு அரிதாரம் ஏற்றி, மீசையை முறுக்கி எழுதி அனுப்பும்போது அந்த ராத்திரியின் ராஜா அவன்தான்.

பிறகு திரை. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்த துணிக்குப் பின்னால் வேஷக்காரன் நிற்பான். கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். முகவீணை அலற, மத்தளம் அதிர, திரைக்குப் பின்னாலிருந்தே விருத்தம் பாடுவான். தான் யார், என்ன பெருமை உடையவன், எதற்கு வந்திருக்கிறான் என்று அவனே சொல்வான். அவனைப் பற்றிக் கவிஞரோ கடவுளோ எதிரியோ முதலில் பேசுவதில்லை. திரை விலகி அவன் சுழன்று வரும்போது நாம் அவன் பக்கத்து நியாயத்தைக் கேட்டு முடித்திருப்போம். கட்டியங்காரன் குறுக்கே புகுந்து கேலி செய்வான், ‘ஏன் மகாராஜா இப்படிப் பண்ணினீங்க’ என்று நாம் கேட்க நினைத்ததைக் கேட்பான். வில்லனுக்கு வாய் கொடுத்து, கூடவே வில்லனைக் கேள்வி கேட்க ஓர் ஆளையும் கொடுத்த மேடை இது. விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஆடுவதைத் தெற்கத்திப் பாணி என்பார்கள், செய்யாறு, காஞ்சிபுரம் பக்கம் வடக்கத்திப் பாணி. ஆட்டமும் பாட்டும் மாறும். இந்த ஏற்பாடு மாறாது.

கர்ண மோட்சத்தின் உயிர் போர்க்களத்தில் இல்லை என்பது இன்னொரு விஷயம். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் முன், மனைவியிடம் சொல்லிக்கொண்டு போக வருகிறான் கர்ணன். மனைவி பெயர் பொன்னுருவி. அவள் ராஜ வம்சம். தேரோட்டி மகனுக்குத் தன்னைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்ற ஆத்திரம் அவளுக்கு ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. அவள் அவனைக் கிட்டே சேர்க்காமல் குலத்தைச் சொல்லி ஏசுகிறாள். நாளை சாகப் போகிறோம் என்று தெரிந்தவன், தான் குந்தியின் மகன் என்ற உண்மையை அவளிடம் சொல்கிறான். அவள் உடைந்துபோகிறாள். இனி அழுது என்ன, விடிந்தால் போர். வாக்குவாதமும் பாட்டுமாக இந்த ஓர் இடம் மட்டுமே ராத்திரியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். தாய்மாமன் மகளைக் கட்டாமல் வேறிடத்தில் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டில் மரியாதை கிடைக்காத ஆண்களும், பிறந்த சாதியைச் சொல்லிச் சொல்லியே வாழ்நாள் முழுதும் தள்ளிவைக்கப்பட்டவர்களும் அந்தப் பாயில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் கர்ணன் புராணத்து ஆள் அல்ல.

போர்க்களத்தில் அவன் அம்பு பட்டுக் கிடக்கும்போது கண்ணன் கிழ வேதியனாக வந்து அவன் செய்த புண்ணியம் முழுதையும் தானமாகக் கேட்கிறான். ரத்தத்தைத் தாரைவார்த்து அதையும் கொடுத்துவிடுகிறான். பதிலுக்கு அவன் கேட்கும் வரம், இன்னொரு பிறவி வந்தால் கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும் என்பது. இதுவும் வில்லி பாடியது. கருமாதி வீட்டில் இதை ஆடுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கையில் புண்ணியம் என்று எதுவும் மிச்சமில்லாதவனுக்கு மோட்சம் கிடைக்கிறது. இறந்துபோன பெரியவரும் வரப்புத் தகராறில் பங்காளியை ஏமாற்றியிருப்பார், மனைவியை அடித்திருப்பார், ஒருவேளை பஞ்ச காலத்தில் தெருவுக்கே கூழ் ஊற்றியிருப்பார். பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியும். அவரை நல்லவர் என்று பொய் சொல்லாமல், கெட்டவர் என்று கைவிடாமல் அனுப்பிவைக்க ஒரு கதை வேண்டும். சிபியின் கதை அதற்கு உதவாது.

ஆயா சொன்ன சோற்றுக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் படியாளாக இருந்தவர்கள் நிறைய. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சின்னக் கடனுக்காக ஒரு பண்ணையில் வருஷக்கணக்கில் கட்டுண்டு, படி நெல்லுக்கு உழைத்தவர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976-இல்தான். தின்ற சோற்றுக்கு உயிரைக் கொடு என்கிற கதையை இவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு நிம்மதியான விஷயம் அல்ல. செஞ்சோற்றுக்கடனைப் புகழ்வது பண்ணையாருக்கு வசதியாக இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கூத்தைக் கூர்ந்து பார்த்தால் அது வெறும் புகழ்ச்சி இல்லை என்று தெரிகிறது. கடன் கர்ணனைக் கொல்கிறது. பொன்னுருவியைத் தாலியறுக்க வைக்கிறது. கடனுக்கு உரியவனும் பிழைக்கவில்லை. கட்டுண்டவனின் வலியை உள்ளிருந்து அறிந்த கூட்டம் அது. தப்பு என்று தெரிந்தும் விலக முடியாமல் நிற்பவனின் முகம் அவர்களுக்குப் பழக்கமான முகம். இருட்டு மனிதர்கள் மேல் நமக்கு இருக்கும் ஈர்ப்பு இருட்டின் மேல் உள்ள ஈர்ப்பு அல்ல என்று நான் நம்புவது இதனால்தான். அந்த ஆள் எதில் கட்டுண்டிருக்கிறான் என்று தெரிந்ததும் நம் மனசு அவனிடம் போய்விடுகிறது.

துரியோதனனுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு, படுகளம். கோயிலுக்கு அருகில் வெட்டவெளியில் மண்ணைக் குவித்து, மல்லாந்து படுத்த துரியோதனனைச் செய்வார்கள். படுத்த நிலையிலேயே மிகப் பெரிய உருவம். அகல விழித்த கண்ணும் முறுக்கிய மீசையும் கிரீடமும் வண்ணம் பூசி எழுதியிருக்கும். தொடைக்குள் சிவப்புச் சாயம் நிரப்பிய பானை புதைத்திருப்பார்கள். பீம வேஷமும் துரியோதன வேஷமும் அந்த மண்ணுடம்பைச் சுற்றியும் மேலே ஏறியும் சண்டை போட்டு வந்து, பீமன் கதையால் தொடையில் அடித்ததும் சிவப்பு பீறிடும். அம்மனின் அவிழ்ந்த கூந்தலை முடிக்கிற சடங்கு அப்போது நடக்கும். சாயங்காலம் தீமிதி.

இந்த வரிசையில் ஒப்பாரிக்கும் இடம் இருக்கிறது. துரியோதனன் மனைவிக்குக் கூத்தில் பெருந்திருவாள் என்று பெயர். அவளோ காந்தாரியோ அந்த மண்ணுடம்பருகே உட்கார்ந்து அழும்போது சுற்றி நிற்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்க்கலாம். கொஞ்ச நேரத்துக்கு முன் அவன் விழ வேண்டும் என்று நின்றவர்கள் அவர்கள். திருவிழா முடிந்ததும் அந்த உருவத்தின் மண்ணை ஒரு கை எடுத்துப்போய்க் குதிரிலும் நிலத்திலும் போடுகிறவர்கள் உண்டு. கொல்லப்பட்டவனின் உடம்பிலிருந்துதான் விளைச்சல் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்து மலநடையில் துரியோதனனுக்குக் கோயிலே இருக்கிறது. வடமொழியிலும் பாசர் தம் ஊருபங்கம் நாடகத்தில் தொடை உடைந்து சாகிற துரியோதனனைப் பெருந்தன்மை உள்ளவனாகக் காட்டியிருக்கிறார்.

ஆனால் நம் படுகளத்தில் பாசரிடம் இல்லாத ஒன்று உண்டு. இது திரௌபதியின் கோயில். கொடி அவளுக்காக ஏறியது. பிரசங்கமும் கூத்தும் அவள் முன்னிலையில் நடக்கின்றன. பகடை துகில் ஆடும் ராத்திரி, சேலையைப் பிடித்து இழுக்க வேண்டிய துச்சாதன வேஷக்காரர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கை வைப்பார். வியாச பாரதத்தில் அன்று சபையில் அவளை மிக மோசமாகப் பேசியவன் கர்ணன். ஆடையைக் களையச் சொன்னதும் அவன்தான். நாம் எவனுக்காக அழுகிறோமோ அவன் செய்த காரியம் அது. அதைச் செய்யப்பட்டவள் எதிரே உட்கார்ந்திருக்க, அவள் வீட்டிலேயே, அவனுக்காக அழுகிறோம். கண்ணீரும் தீர்ப்பும் ஒரே களரியில் நடக்கின்றன. அழுததால் அவன் விடுதலையாகிவிடுவதில்லை, தண்டித்ததால் அழுகை நிற்பதும் இல்லை. குற்றமுள்ள நாயகனை இதைவிட நேர்மையாக நடத்திய கலை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதே விழுப்புரத்தில் 1928 அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்தவர் வி.சி. கணேசன், பின்னாளில் சிவாஜி கணேசன். அவர் வளர்ந்தது திருச்சியிலும் நாடகக் கம்பெனியிலும்தான், ஆகவே இந்த மண்ணின் கூத்துதான் அவரை உருவாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் சினிமாவில் கறைபட்ட நாயகனைத் தயங்காமல் ஏற்று நடித்தவர் அவர். நடிக்க வந்து இரண்டே ஆண்டில், 1954-இல், வீணை எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். எடுத்த ‘அந்த நாள்’ படத்தில் சிவாஜி கணேசன் ஜப்பானியருக்கு உளவு சொல்லும் வானொலிப் பொறியாளர் ராஜன். படம் தொடங்கும்போதே சுடப்பட்டு விழுகிறான். அவனை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசப் பேச அவன் உருவம் கூடிவருகிறது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். அவனுடைய அறிவை அரசு மதிக்கவில்லை என்ற கசப்பு அவனைத் துரோகத்துக்கு இழுக்கிறது. துணிச்சலான, அருமையான படம். ஆனால் வந்த நாளில் சனம் அதை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பாட்டு இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். என் கணக்கில் இன்னொன்றும் உண்டு. ராஜனிடம் காயம் இருக்கிறது, கர்வம் இருக்கிறது, கடன் இல்லை. அவன் யாருக்கும் கட்டுப்பட்டுக் கெட்டுப்போகவில்லை.

பத்தாண்டு கழித்து, 1964 பொங்கலுக்கு, பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ வந்தது. துரியோதனனாக எஸ்.ஏ. அசோகன், பானுமதியாக சாவித்திரி. வில்லி ஒரு பாடலில் சொன்ன அறுந்த வடம் அங்கே வண்ணத்தில், பெரிய அரண்மனைக் கூடத்தில் சிதறியது. அந்தக் காட்சியில் அசோகன் முகத்தைக் கவனிக்க வேண்டும். கோபம் வர வேண்டிய இடத்தில் வராமல் இருப்பதை ஒரு நடிகன் செய்துகாட்டுவது சுலபம் அல்ல. செலவுக்கு ஏற்ற வசூல் அன்று வராத படம் அது. 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது, முதலில் வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகளும் வந்து பார்த்து நூறு நாள் தாண்டி ஓடியது. இடையில் 1991-இல் மணிரத்னத்தின் ‘தளபதி’. குடிசைப் பகுதி ரவுடி சூர்யாவாகக் கர்ணனும், அவனைக் கைதூக்கிவிட்ட தேவாவாகத் துரியோதனனும் ரஜினிகாந்த், மம்மூட்டி உருவில் வந்தார்கள். நட்புக்கு ஓர் உருவம் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் பையன்கள் அந்த இருவரைத்தான் சொல்கிறார்கள்.

இந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் கோயில் களரியிலிருந்து திரைக்கு வந்த வழியில் ஒன்று விழுந்துவிட்டது. தேவாவும் சூர்யாவும் அத்தனை அடிதடி செய்கிறார்கள், சபை நடுவே இழுத்துவரப்பட்ட பெண் அந்தக் கதையில் இல்லை. நட்பும் தியாகமும் மிஞ்சுகின்றன, குற்றம் மெலிந்துபோகிறது. அதற்குப் பின் வந்த எத்தனையோ படங்களில் நாயகன் இன்னும் இருண்டிருக்கிறான், தாடி நீண்டிருக்கிறது, பின்னணி இசை கனத்திருக்கிறது. அவனால் கெட்டவர்கள் யார் என்று கேட்டால் முகமில்லாத அடியாட்கள் மட்டும்தான். சோகம் இருக்கிறது, அதற்கு ஈடாக வேறொருவர் பட்ட பாடு கண்ணெதிரே இல்லை. அப்படிப்பட்டவனுக்காக அழுவது மிகவும் எளிது.

எழுதுகிறவர்களும் படமெடுக்கிறவர்களும் பங்குனி, சித்திரையில் ஒரு முறை இந்தப் பக்கம் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. நாடகாசிரியர் நா. முத்துசாமி புரிசை நடேச தம்பிரானின் கூத்தைப் பார்த்த பிறகுதான் தமிழ் நவீன நாடகத்துக்குக் கூத்துப்பட்டறை கிடைத்தது, 1977-இல். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இறங்கி விசாரித்தால் எந்த ஊரில் பாரதம் நடக்கிறது என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். பகலில் பிரசங்கம் கேட்டுவிட்டு, பகடை துகில் ராத்திரியும் கர்ண மோட்சம் ராத்திரியும் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் கர்ணனைப் பாதிதான் பார்த்ததாகும். பொன்னுருவி ஏசும்போது கட்டை கட்டிய அந்தப் பெரிய உடம்பு தலை குனிந்து நிற்பதையும், அதே உடம்பு சில நாள் முன்பு சபையில் சிரித்துக்கொண்டு நின்றதையும் சேர்த்து மனசில் வைத்துக்கொண்டு பிறகு கதை எழுத உட்காரட்டும்.